ஆடு போர்த்தியிருப்பது

நாரின்,
3 நவம்பர் 1996

நூரிலாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீயும் சிர்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். வேறென்ன செய்வது, நீதான் ஒரு வரி எழுதக் காணோமே. தபால் ஆபீஸ் போன் வசந்தத்திலிருந்தே ஊமை. பஸ் டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அண்ணன் மகள் கல்யாணம் முடிந்து எத்தனை நாளாயிற்று! கல்யாணத்துக்குப் போன வேறு யாரும் அங்கேயே தங்கிவிடவில்லை. பக்கத்து வீட்டு பூபூ அக்கா தினமும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெய்ஷென், ஒம்பொண்டாட்டி ஆத்பாஷியிலயே வேரு விட்டுட்டாளா?" என்று கேட்கிறாள். முதலில் சிரித்தேன். அப்புறம் பஸ் இல்லை என்றேன். இப்போது அவள் தலை தெரிந்தாலே மாட்டுக்கொட்டகைக்குள் நுழைந்துவிடுகிறேன். அம்மாவோ, "தாய் வீட்ல ஒரு மாசம் இருந்தா விருந்து. அதுக்கு மேல இருந்தா அதுக்குப் பேரே வேற" என்கிறாள்.

போன பிப்ரவரியில் குழந்தைக்கு மார்ச்சளி வந்தது, ஆஸ்பத்திரியில் கிடந்தாள், எல்லாம் உண்மைதான். குழந்தை என்றால் சளி பிடிக்காதா? அதற்கு வீட்டையா குற்றம் சொல்வது? கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்த வீட்ல இன்னொரு குளிர்காலத்த எம்பொண்ணு தாங்க மாட்டா" என்றாயே, அம்மா காதில் விழும்படி. அப்பா கையால் கட்டிய வீடு நூரிலா. அவர் போனபின் கடைக்குட்டி என்று எனக்கு வந்த வீடு.

போன வாரம் முதல் பனி விழுந்தது. தெருவில் எல்லார் கூரையும் வெள்ளை. நம் கூரை மட்டும் மத்தியானத்துக்குள் காய்ந்துவிட்டது. "கூரையில பனி நிக்காத வீட்டுல பஞ்சமும் நிக்காது" என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். தெருவிலேயே கதகதப்பான வீட்டை விட்டுவிட்டு நீ எங்கே போய் உட்கார்ந்திருக்கிறாய்?

சனிக்கிழமை பஸ்ஸுக்கு வந்து நிற்பேன்.

பெய்ஷென்


ஆத்பாஷி,
11 நவம்பர்

சிர்காவின் அப்பாவுக்கு,

சனிக்கிழமை வந்து நின்றிருப்பீர்கள். தெரியும். மனது கேட்கவில்லை, ஆனாலும் நான் வரவில்லை.

சிர்கா நன்றாக இருக்கிறாள். இங்கே வந்த பிறகு ஒரு நாளும் இருமவில்லை. வெறுங்காலோடு தரையில் தவழ்கிறாள். நம் வீட்டில் இரண்டு ஜோடி காலுறை போட்டும் அவள் பாதம் நீலமாகத்தான் இருக்கும். ஞாபகமில்லையா?

கதகதப்பான வீடு என்கிறீர்கள். அந்த அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுவது யார்? நீங்கள் பாதி நாள் தோலோன் கணவாய்ச் சாலையில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள். அத்தை கதவுக்கு எதிரே, அடுப்புக்குப் பக்கத்தில், பெரியவர்களுக்கான மேல்வரிசையில், என் சீதன மெத்தை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். நான் கதவடியில், தேநீர் கொதிக்கும் சமோவாரோடு. கல்யாணமாகி வந்த வருஷம் ராத்திரிக்கு இரண்டு வாளி போட்டால் விடியும்வரை சுவர் வெதுவெதுவென்று இருக்கும். போன வருஷம் நாலு வாளி. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் அறை சில்லிட்டுப் போயிற்று. வடக்கு அறையில் கூரை மூலை கறுத்திருக்கிறது. சுண்ணாம்பு அடித்தேன், மாசத்துக்குள் திரும்பவும் கறுத்தது. கூரை ஓரத்தில் பனி விழுது விழுதாகத் தொங்குகிறதே, தெருவில் வேறு எந்த வீட்டிலாவது அப்படித் தொங்குகிறதா?

கோபப்படாமல் கேளுங்கள். அண்ணன் குட்டி போடும் ஆடுகளுக்குக் கட்டிய கொட்டகையில் ஏப்ரல்வரை பனி அப்படியே கூரைமேல் நிற்கும். உள்ளே போனால் வியர்க்கும். கூரையில் பனி நிற்காத வீடு சூடான வீடு இல்லை. சூடு தங்காத வீடு. நான் அள்ளிப் போட்ட கரியெல்லாம் வானத்துக்குக் குளிர்காயப் போயிருக்கிறது.

குளிர் தடுக்க மாமா கூரையடி மச்சில் பரப்பிய மரத்தூள் வருஷக்கணக்கில் அப்படியே இருக்குமா? ஒரே ஒரு தரம் மச்சில் ஏறி, வடக்குப் பக்கம் கையை விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்து முழங்கைவரை உள்ளே போனால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். ஈரமாக, கட்டியாக இருந்தாலோ, விரல் பலகையில் போய் இடித்தாலோ, என் மகளை அங்கே கூப்பிடலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நூரிலா


நாரின்,
24 நவம்பர்

நூரிலாவுக்கு,

என் அப்பா வீட்டை உன் அண்ணன் ஆட்டுக்கொட்டகையோடு வைத்துப் பேசினாய். நல்லது. அம்மாவுக்கு அந்த வரியை வாசிக்காமல் விட்டேன். என் பெருந்தன்மையை நீ மறக்கக் கூடாது.

மச்சில் நான் ஏறமாட்டேன். அப்பா அதைப் போட்டபோது நான் பிறக்கவே இல்லை. தெருவே கூடி நின்று கூலி வாங்காமல் வேலை செய்ததாம். அவர்தான் மேலே நின்று மரத்தூளை மிதித்துப் பரப்பினாராம். அவர் போன பிறகு மச்சுக் கதவை யாரும் திறந்ததில்லை. "அவர் கை பட்டத எவனும் கலைக்கக் கூடாது" என்கிறாள் அம்மா. மருமகள் சொன்னாள் என்று நான் போய்க் கிளறினால் இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்குமா?

ஆனால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் டிப்போவில் சொல்லி இரும்பு அடுப்பு ஒன்று வெல்டிங் செய்து வாங்கி வடக்கு அறையில் போட்டுவிட்டேன். அடேயப்பா, என்ன சூடு! கூரையிலிருந்து தண்ணீரே சொட்டுகிறது. பூபூ அக்கா வந்து பார்த்துவிட்டு, "குளிக்கிற கொட்டா கட்டிட்டியா?" என்றாள். இதற்கு மேலும் குளிர்கிறது என்றால் உனக்குக் குளிர்வது வேறு எதனாலோ.

சிர்கா நிற்கிறாளா? எதையாவது பிடித்துக்கொண்டாவது? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

பெய்ஷென்


ஆத்பாஷி,
2 டிசம்பர்

சிர்காவின் அப்பாவுக்கு,

நிற்கிறாள். அண்ணனின் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு நேற்று நின்றாள். இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் பார்க்க வேண்டியது. அண்ணன் பார்த்தார்.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதாமல் இருக்க முடியவில்லை. பகலெல்லாம் எழுந்து வாசலுக்குப் போகிறேன், திரும்ப வருகிறேன், தேநீர் போடுகிறேன், குடிக்க மறந்துவிடுகிறேன். அண்ணி, "ஒக்காருடி, தறியில ஓடற நாடா மாதிரி போய்ட்டுப் போய்ட்டு வர்ற" என்று திட்டுகிறாள்.

கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சூட்டினால் வருவது இல்லை. இல்லை, சூட்டினால்தான் வருகிறது. மேலே கூரைப் பனி உருகி, மச்சு வழியாக ஒழுகி, நம் தலையில் சொட்டுகிறது. கிழிந்த சாக்கில் இன்னும் இரண்டு படி கோதுமையைக் கொட்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சரி. மாமா போட்டதைக் கலைக்க வேண்டாம். அதன் மேலேயே பரப்புங்கள். ஆடு போர்த்தியிருப்பதை வாங்கி, வடக்குப் பக்கம் கனமாகப் பரப்புங்கள். கூட்டுப்பண்ணை கலைந்த பிறகு அதைச் சீந்துவாரில்லை, கேட்டால் சும்மாவே தருவார்கள். அது உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாது, ஆடுகளைக் கேட்டால் சொல்லும்.

இதைச் செய்துவிட்டு எழுதுங்கள். நான் வருகிறேன். சத்தியமாக வருகிறேன்.

நூரிலா


நாரின்,
20 டிசம்பர்

நூரிலாவுக்கு,

நீ சொன்னபடி செய்தேன். செய்ததன் பலனைக் கேள்.

குளிர்காலத்துக்கு எல்லார் வீட்டிலும் ஆடு அடித்திருக்கிறார்கள் அல்லவா, வீடு வீடாகப் போய்க் கேட்டேன். பனியில் இழுக்கிற ஸ்லெட்ஜ் நிறைய ஆட்டுத்தோல் கிடைத்தது. பச்சைத்தோல்தான், பதப்படுத்த யாருக்கு நேரம்? ஏணியில் ஏறி, அப்பா போட்டதை மிதிக்காமல், மச்சு வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் உள்ளே தள்ளினேன். தள்ளியது புகைக்கூண்டைச் சுற்றி விழுந்தது. பரவாயில்லை, அங்கேயும் ஆடு போர்த்தியிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புகைக்கூண்டு சூடாக இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் தோல் அழுகி நாற ஆரம்பித்தது. முதலில் நாய்கள் வந்தன. எங்கள் தெரு நாய்கள் மட்டுமில்லை, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாய்களும். வீட்டைச் சுற்றி உட்கார்ந்து கூரையைப் பார்த்து ஊளையிட்டன. அடுத்து பூபூ அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வந்தாள். "யாரு போனது பெய்ஷென்? ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதா?" என்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பெண்கள். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். என் வாழ்க்கையில் அம்மாவை நான் அப்படிப் பார்த்ததில்லை.

தோல்களை மறுபடி இறக்கி, தெரு பார்க்க, ஸ்லெட்ஜில் ஆற்றங்கரைக்கு இழுத்துப் போனேன். நாய்களெல்லாம் ஊர்வலமாகப் பின்னால் வந்தன.

உன் பேச்சைக் கேட்டேன், நூரிலா. வருகிறேன் என்றாயே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கேட்டேன்.

பெய்ஷென்


ஆத்பாஷி,
28 டிசம்பர்

சிர்காவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணிக்கு வாசித்துக் காட்டும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. அப்புறம் கொட்டகைக்குப் போய் அழுதேன். இரண்டும் நிஜம்.

தோல் என்றா சொன்னேன்? தோலை ஆடு போர்த்தியா இருக்கிறது? தோல் ஆடேதான்! அதன்மேல் இருப்பதைச் சொன்னேன். வசந்தத்தில் கத்தரிக்கிறோமே, அதை. வீட்டில் அதை நான் 'நூற்பது' என்பேன், உங்களுக்குத் தெரியும். நூற்பது என்று எழுதினால் நூலாக வாங்கி வந்துவிடுவீர்களோ என்று பயந்து மாற்றி எழுதினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது. பெயரை மட்டுமா? பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற சொல்லையும் சொல்லக் கூடாது. மூன்று வருஷமாகச் சொன்னதில்லை. கடையில் விரலால் காட்டினேன். உங்கள் அக்காக்கள் வேண்டுமென்றே, "நூரிலா, இந்தச் சட்ட எதுல பின்னுனது?" என்று கேட்டுவிட்டு நான் விழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரித்தேன். விளையாட்டுத்தானே என்று.

இப்போது அது விளையாட்டு இல்லை. நேற்று இங்கே சிர்காவுக்கு லேசாகத் தும்மல் வந்தது. வெறும் தும்மல்தான். ராத்திரி முழுக்க அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னொரு தரம் மார்ச்சளி வந்தா இந்த நுரையீரல் தாங்குமான்னு சொல்ல முடியாதும்மா" என்று டாக்டர் அம்மாள் சொன்னபோது நீங்கள் கணவாயில் இருந்தீர்கள். நான் தனியாக நின்று அதைக் கேட்டேன். அதனால் எழுதுகிறேன்.

ஜுன். ஆட்டு ரோமத்துக்கு நம் மொழியில் இருக்கிற ஒரே சொல். ஜுன், ஜுன், ஜுன். உங்கள் அப்பா ஜுனுஷின் பெயரில் இருக்கிற ஜுன். அவர் நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். தன் பேத்தி குளிரில் இருமுவதைவிடத் தன் பெயரை மருமகள் சொல்வது மேல் என்றுதான் அவரும் நினைப்பார்.

மச்சுக்குள் தலையை நீட்டியவர் ஒரு தரம் டார்ச்சை வடக்குப் பக்கம் அடித்திருக்கக் கூடாதா?

நூரிலா


தோலோன் கணவாய், பனி முகாம்,
13 ஜனவரி 1997

நூரிலா,

அவசரமாக எழுதுகிறேன், லாரிக்காரர் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறார்.

நான் இங்கே இருந்தபோது உன் கடிதம் வீட்டுக்குப் போயிருக்கிறது. அம்மாவுக்குக் கண் தெரியவில்லை, பூபூ அக்காவை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் வந்த இடத்தில் பூபூ அக்கா நிறுத்தினாளாம். "ஏன் நிறுத்துன, படி" என்றாளாம் அம்மா. அவளும் படித்தாளாம், நீ எழுதிய அத்தனை தரமும்.

நாற்றத்தைப் பொறுத்தாள். இதைப் பொறுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி பேசியிருக்கிறாள். உன் பெட்டியும் சீதன மெத்தைகளும் ஆத்பாஷிக்கு வருகின்றன. அதற்கு அர்த்தம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மெத்தை திரும்பிய பிறகு பெண் திரும்பியதில்லை.

மேலே பனிச்சரிவு. பாதை திறக்காமல் என்னை இறங்க விடமாட்டார்கள். இறங்கினால் மட்டும் என்ன சொல்லித் தடுப்பேன்? நீ அந்தச் சொல்லை எழுதாமல் இருந்திருக்கலாம். நான் மச்சைப் பார்த்திருக்கலாம். இங்கே இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு பனியைத் தள்ளுகிறேன், தள்ளத் தள்ள விழுகிறது.

பெய்ஷென்


ஆத்பாஷி,
22 ஜனவரி

சிர்காவின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தெருமுனையில் நின்றேன். திங்கட்கிழமையும் நின்றேன். வண்டி வரவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு எஞ்சின் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து ஓடினேன்.

அனுப்புவதென்றால் அனுப்புங்கள். என் அம்மா சாகும்வரை தைத்த மெத்தைகள் அவை. திரும்பி வந்தால் பிரித்து வைக்க எனக்கு இடமிருக்கிறது. அனுப்பவில்லை என்றால் அனுப்பவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி நடுத்தெருவில் நிறுத்தி வைக்காதீர்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்ப்பட்டவர்கள் என்னைக் கேட்பதில்லை, சிர்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீங்கள் தடுத்தீர்களா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

நூரிலா


நாரின்,
24 ஜனவரி

நூரிலாவுக்கு,

மெத்தைகள் வரமாட்டா. நான் தடுக்கவில்லை. பொய் சொல்ல மனதில்லை. தடுத்தது வேறு.

செவ்வாய்க்கிழமை பாதை திறந்து இறங்கி வந்தேன். முற்றத்தில் உன் மெத்தைகள் பனிமேல் விரித்துக் கிடந்தன. வண்டிக்காரர் காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எப்போதோ போய்விட்டாராம். உள்ளே அம்மா மேல்வரிசையில் வழக்கம்போல உட்கார்ந்திருந்தாள். ஆனால் கதவைப் பார்த்து இல்லை. சுவரைப் பார்த்து. பூபூ அக்கா என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

மெத்தை அடுக்கை எடுத்த இடத்தில் சுவர் இடுப்புயரத்துக்குக் கறுப்பு. அதன்மேல் பனிக்கட்டி, கண்ணாடி மாதிரி. மேலே இருந்த மெத்தைகள் சுலபமாக வந்துவிட்டன. அடியில் இருந்தவை வரவில்லை.

"இழுத்தோம், வரல. ரெண்டு பேரா இழுத்தோம். டர்ருன்னு கிழிஞ்சு துணி செவுத்தோடயே நின்னுபோச்சு" என்றாள் பூபூ அக்கா.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள். "மூணு வருஷமா அவ மெத்தையில முதுகச் சாச்சிக்கிட்டு, எனக்குக் குளிரலையே ஒனக்கு மட்டும் எப்பிடிடி குளிருதுன்னு கேட்டிருக்கேன்டா. அவ அம்மா தச்ச மெத்தை எம்முதுகக் காத்துச்சு. அவ கதவுகிட்ட கெடந்து வெறச்சிருக்கா."

பூட்ஸைக் கூடக் கழற்றாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு மச்சில் ஏறினேன். அம்மா தடுக்கவில்லை.

தெற்குப் பக்கம் கையை விட்டேன். உலர்ந்த மரத்தூள், முழங்கைவரை போயிற்று. அப்பா போட்டது போட்டபடி. நூரிலா பொய் சொல்லிவிட்டாள் என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படக்கூடச் செய்தேன். அப்புறம் வடக்குப் பக்கம் தவழ்ந்தேன். புகைக்கூண்டைச் சுற்றி அடித்த தகரம் வாயைப் பிளந்திருக்கிறது. எத்தனை வருஷமாக அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியதோ, மரத்தூள் பிசைந்த மாவாகி, உறைந்து, கல்லாகிக் கிடக்கிறது. அதற்கு அப்பால் எலிகள் சுரங்கம் போட்டு மீதியையும் தள்ளிவிட்டிருக்கின்றன. சிர்கா படுக்கிற இடத்துக்கு நேர் மேலே வெறும் பலகை. விரல் இடித்தது. பலகையின் ஆணித் தலைகளில் உறைபனி பூத்திருந்தது.

தோல்களைத் தள்ளிய அன்றைக்கு இதெல்லாம் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

தெற்குப் பக்கத்தைத் தொடமாட்டேன், மேலே கொஞ்சம் சேர்த்தால் போதும். வடக்குப் பக்கம் முழுக்க வாரிக் கொட்ட வேண்டும். தகரத்தை முதலில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் எதைப் போட்டாலும் நனையும். அதற்கப்புறம் ரோமம் வேண்டும். ஜனவரியில் ரோமத்தை எங்கே கழுவுவேன், எங்கே காயவைப்பேன்? கழுவாமல் போட்டால் திரும்பவும் நாய்கள் வரும். உன் அண்ணனிடம் இருக்குமா?

பெய்ஷென்


ஆத்பாஷி,
31 ஜனவரி

சிர்காவின் அப்பாவுக்கு,

இருக்கிறது. ஆகஸ்டில் இங்கே வந்திருந்தபோதே ஆற்றில் அலசி, பாறைமேல் காயப்போட்டு, பூச்சி அண்டாமல் கசப்புப் புல்லை இடையிடையே வைத்துச் சாக்குகளில் கட்டி வைத்தேன். குளிருக்கு முன்னால் உங்களிடம் சொல்லிப் போடச் சொல்லலாம் என்று. செப்டம்பரில் சொன்னேன். நீங்கள் பந்து விளையாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ரேடியோவில். அதனால்தான் டிசம்பரில் இதைச் சொல்லாமல், நீங்களே தேடட்டும் என்று விட்டேன்.

அண்ணன் சாக்குகளை ஏற்றிக்கொண்டு நாளைக்குக் கிளம்புகிறார். லாரியில் முன் ஸீட்டில் இடமிருக்கிறது, "ஏறு, பேசாம போய் எறக்கி விட்டுடறேன்" என்றார். நான் ஏறவில்லை. ரோமம் முதலில் போகட்டும்.

நூரிலா


நாரின்,
18 பிப்ரவரி

நூரிலாவுக்கு,

முடிந்துவிட்டது! உட்கார்ந்து எழுதுகிறேன், சட்டைக்கு மேல் சட்டை போடாமல்.

உன் அண்ணன் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "என்ன மாப்ள, கூரையில பனி நிக்கலன்னு ஊரெல்லாம் பெருமை அடிச்சீங்களாமே? வானத்துக்கு அடுப்பு மூட்ட டிப்போல தனிச் சம்பளம் தர்றானா?" தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி? அப்படிச் சிரித்த அத்தனை பேரையும் பிடித்து வேலையில் போட்டுவிட்டேன். ஒருவருக்கும் கூலி இல்லை, கறியும் தேநீரும்தான். உறைந்ததைக் கடப்பாரையால் பெயர்த்து வாரிக் கொட்டினோம். புகைக்கூண்டுக்குப் புதுத் தகரம் அடித்தேன். பலகை காயும்வரை பொறுத்தோம். பொறுத்தது நான் இல்லை, அம்மாதான். நான் அன்றைக்கே போடப் பார்த்தேன். "ஈரத்து மேல போட்டா இன்னும் மூணு வருஷத்துல இதே கூத்துடா" என்று ஏணியைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். அப்புறம் களிமண் பூசி, அதன்மேல் உன் ரோமம், வடக்கே கனமாக, தெற்கே அப்பாவின் மரத்தூளுக்கு மேல் கொஞ்சமாக.

இப்போது இரண்டு வாளிக் கரி. காலையில் எழுந்தால் சுவர் வெதுவெதுப்பு. மூலையில் சுண்ணாம்பு வெள்ளையாகவே நிற்கிறது. கூரையில் பனி முழங்கால் உயரத்துக்கு நிற்பதைப் பார்த்து பூபூ அக்கா முந்தாநாள் ரொட்டியும் ஒரு கூடைக் கரியும் தூக்கிக்கொண்டு வந்தாள். "கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு குளிருல கெடக்காதீங்க" என்று கண்கலங்கினாள். வீட்டுக்குள் வந்து, சூடு தாங்காமல் முக்காட்டைக் கழற்றிவிட்டுத்தான் போனாள்.

அம்மா நாலு நாளாக உன் இடத்தில், கதவடியில், உட்கார்ந்து தேநீர் ஊற்றுகிறாள். காற்று வருகிறதா என்று பார்க்கிறாளாம். வருகிறதாம். கதவுக்குக் கம்பளி அடிக்கச் சொல்லியிருக்கிறாள். உனக்கு எழுத ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அவ அந்தப் பேர எழுதுனது தப்புதான். அத மாத்திச் சொல்ல மாட்டேன். ஆனா எழுதலைன்னா நாம இன்னும் தோல வெச்சிக்கிட்டு ஒக்காந்திருப்போம். அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன். கிழிந்த மெத்தைகளுக்கு அவளே துணி வெட்டி ஒட்டுப் போடுகிறாள், கண் தெரியாமல் விரலைக் குத்திக்கொண்டு.

வீடு சூடாகிவிட்டது, நூரிலா. நீ சொன்னது அத்தனையும் சரி. வா.

பெய்ஷென்


ஆத்பாஷி,
25 பிப்ரவரி

சிர்காவின் அப்பாவுக்கு,

கடிதம் வந்த அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். பெட்டியை எடுத்து வைத்தேன், திறந்தேன், மூடினேன். அண்ணன், "வீடு சூடாயிருச்சுல்ல, இன்னும் என்னதாம்மா ஒனக்கு?" என்று கேட்டார். வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இன்றைக்குத்தான் அது என்னவென்று பிடிபட்டது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

நான் சொன்னது அத்தனையும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். வாசித்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. குளிர்கிறது என்று எத்தனை குளிர்காலமாகச் சொன்னேன்! வாளியைக் காட்டிச் சொன்னேன், குழந்தையின் பாதத்தைக் காட்டிச் சொன்னேன். சுவர் ஒரே ஒரு நாள் சொன்னது. நீங்கள் சுவரை நம்பினீர்கள். அத்தை மெத்தையை நம்பினார். மெத்தை சுலபமாகக் கையோடு வந்திருந்தால் இந்நேரம் நான் இங்கே என் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பேன், நீங்கள் கணவாயில் பனியைத் தள்ளிக்கொண்டிருப்பீர்கள், அந்த மரத்தூள் அப்படியே நனைந்துகொண்டிருக்கும்.

உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் குத்திக்காட்டத்தான். ஆனால் கோபத்தை இங்கேயே வைத்துக்கொண்டு வாழவும் எனக்குத் தெரியவில்லை. சிர்கா மீசை வைத்தவர்களையெல்லாம் அப்பா என்று கூப்பிடுகிறாள். நேற்று ஒரு கால்நடை வியாபாரி, "எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் போட்டதை நான் மச்சில் ஏறிப் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை. அண்ணனைக் கூட, வீடு உண்மையிலேயே எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வீடு சூடாகிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். அதை மட்டும் நம்பி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.

நூரிலா